ராசியான பெயர்

எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் என் பெயரில்தான் வாங்குவார்கள். அப்பாவின் முதல் தையல் இயந்திரம், பிறகு வேன், மெத்தைப் பட்டறையின் மின் இணைப்பு, எல்லாமே என் பெயரில்தான். நான் பிறந்த அன்று அப்பாவுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்ததாம். அன்றிலிருந்து என் பெயர் ராசியான பெயர். அந்த ராசியால் எனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. வேன் என் பெயரில் இருந்தது, நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்.

அதனால் புதுச் சட்டம் வந்தபோது, அப்பாவுக்குப் பிறகு பட்டறையை நடத்திய அண்ணன் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு பட்டறையும் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஓர் ஆளைக் காட்ட வேண்டும், அவர் பெயரையும் படத்தையும் வாசலில் மாட்ட வேண்டும் என்று உத்தரவு. என் கல்யாணப் படத்திலிருந்து என் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பலகை அடித்து மாட்டிவிட்டான். ஓரத்தில் என் கணவரின் தோள் கொஞ்சம் தெரிந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டியா அண்ணே?"

"சும்மா பேருக்குத்தான் பாப்பா. உன் பேர்ல போட்டு எது கெட்டுப்போச்சு?"

நாற்பது தாண்டியும் நான் பாப்பாதான். தையல் மிஷினில் உட்காரும் அக்கா பலகையைப் பார்த்துவிட்டு, "தேர்தல்ல நிக்கிறியா? என் ஓட்டு உனக்குத்தான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சிரிப்பை நிறுத்தியது எங்கள் ஆடிட்டர். முன்னறையில் பில் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அந்தப் பலகை என்னன்னு தெரிஞ்சுதான் மாட்டுனீங்களா?" என்று கேட்டார். "முன்னாடியெல்லாம் கம்பெனி அபராதம் கட்டும், அதோட முடிஞ்சுது. இப்ப உள்ள யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா பலகைல இருக்கறவங்கதான் ஜெயிலுக்குப் போகணும். பின்கதவ மொதல்ல தொறந்து வைங்க."

பின்கதவு விஷயம் ஊருக்கே தெரியும். ஒருமுறை அந்த வழியாகத் துணிச் சுருள்கள் திருட்டுப் போயின. அன்றைக்கே அண்ணன் வெளிப்பக்கம் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டான். சாவி அவன் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

சாவியைக் கேட்டேன். நாளைக்கு என்றான். மறுபடி கேட்டேன். "திருட்டுப் போனா நீ திருப்பித் தருவியா?" என்றான். அண்ணியிடம் முறையிட்டால் அவள் கையை விரித்தாள். "உங்கண்ணன் பல்லைக்கூடக் கழட்டி வாங்கிடலாம். அந்தச் சாவிய வாங்க முடியாது."

பொறுப்பு என் தலையில், சாவி அவன் பையில். இதைச் சொல்லிக் கத்தியும் பார்த்தேன். "சட்டம் போடறவனுக்கு வேற வேலை இல்ல, உனக்குமா இல்ல?" என்று கேட்டுவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு அந்த மதியம் வந்தது. அண்ணன் வங்கிக்குப் போயிருந்தான். ஸ்பாஞ்ச் கட்டியைச் சூடான கம்பியால்தான் அறுப்போம். கம்பி நடுவில் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது. அறுக்கும் மேசை முன்வாசலை ஒட்டி இருந்தது. ஸ்பாஞ்ச் பற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? நான் முன்னறையிலிருந்து தெருவுக்கு ஓடித் திரும்பிப் பார்த்தபோது வாசல் முழுக்கக் கரும்புகை.

உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பின்பக்கம் ஓடியிருக்கிறார்கள். நான் சந்து வழியாகச் சுற்றிப் போனேன். கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவர்கள் அடிக்கிறார்கள், இந்தப் பக்கம் நான் வெறுங்கையால் பூட்டைப் பிடித்து இழுக்கிறேன். "பாப்பா, தொற! பாப்பா!" என்று தையல் அக்காவின் குரல். சாவி என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக் கூப்பிட்டாள்.

பக்கத்து வெல்டிங் கடைக்காரர் கடப்பாரையோடு வந்து பூட்டை உடைத்தார். ஒருவர் மேல் ஒருவராக வெளியே விழுந்தார்கள். அக்கா கடைசியாக வந்தாள், இருவர் தூக்கிக்கொண்டு. மூச்சுக்குழாயில் புகை. ஆஸ்பத்திரியில் வாயில் குழாய் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். பிழைப்பாளா என்று கேட்டால் டாக்டர் பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

மறுநாள் காலை, விசாரணை அதிகாரி வருவதற்கு முன் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. என் கையைப் பிடித்து உள்ளங்கையில் எதையோ வைத்து மூடினான். அந்தச் சாவி.

"கேட்டுக்கிட்டே இருந்தியே பாப்பா."

"பூட்டே உடைஞ்சாச்சு. இப்ப எதுக்கு?"

"சாவி எப்பவும் உன்கிட்டதான் இருந்துச்சுன்னு சொல்லிடு. பதட்டத்துல எடுக்க மறந்துட்டேன்னு சொல்லு. பொம்பளைன்னு விட்டுருவாங்க. நான் உள்ள போனா பட்டறை படுத்துரும், எத்தனை பேர் பொழைப்பு!"

"விடலன்னா?"

அவன் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். எனக்கு அவன் மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவன், நான் விழுந்தபோதெல்லாம் அப்பாவிடம் அடி வாங்கியவன். சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு அவனோடுதான் பட்டறைக்குப் போனேன்.

அதிகாரி ஒரு பெண்மணி. கரி படிந்த பலகையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"நீங்கதான் பொறுப்பா?"

"நான்தான் மேடம்."

"பின்கதவுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

கையை விரித்துக் காட்டினேன். "என்கிட்ட."

பின்னால் அண்ணன் பெருமூச்சு விட்டது கேட்டது. அந்தப் பின்கதவுக்கு உள்ளே இருந்துதான் நேற்று அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"எப்பலேர்ந்து உங்ககிட்ட இருக்கு?"

"இன்னைக்குக் காலைலேர்ந்து."

அவர் நிமிர்ந்தார். "அதுக்கு முன்னாடி?"

திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவசரத்தில் பட்டறைச் சட்டையையே மாட்டிக்கொண்டு வந்திருந்தான். பையில், பேனாவுக்குப் பக்கத்தில், சாவியின் துருக்கறை நீளமாகப் படிந்திருந்தது. நான் அதைப் பார்த்ததை அதிகாரியும் பார்த்தார்.

அப்போது அண்ணன் என்னைக் கூப்பிட்டான். பாப்பா என்று இல்லை. பலகையில் எழுதியிருந்த முழுப் பெயரைச் சொல்லி, யாரோ ஒருத்தியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டான்.