பிள்ளை தேடும் ஆள்

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த சாம்சன் டாக்டர் முதல் வாரமே எமர்ஜென்சி அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினார்: 'குழந்தையின் அம்மா உள்ளே இருக்கலாம்.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருப்பதே கையகல அறை. அதில் கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர், டாக்டர், நர்ஸ் நான். அழுகிற அம்மாக்களை எங்கே நிறுத்துவது, என் தலைமேலா? நானெல்லாம் "வெளிய நில்லும்மா" என்று சொல்லியே பழகியவள்.

ஆனால் மனிதர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இழுப்பு வந்த பிள்ளை அலறினால் மூச்சு இன்னும் முட்டும். அம்மா மடியில் உட்கார வைத்தால் மாஸ்க்கைப் பிடுங்குவதில்லை. மருந்துப் புகை ஒழுங்காக உள்ளே போகிறது. என் கோபம் போய்விட்டது. ஏக்கம்தான் வந்து ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பிள்ளையும் அம்மா கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது, என் வேல்விழி என்னை இப்படிக் கட்டிக்கொண்டு எத்தனை நாளாகிறது என்று எண்ணிப் பார்ப்பேன்.

வேல்விழிக்கு மூன்றரை வயது. சங்கரன்கோவில் பக்கம் என் அண்ணன் கொம்பையா வீட்டில் வளர்கிறாள். அவள் அப்பா லாரியில் வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஸ்ரீபெரும்புதூரில் எனக்கு இருப்பது நர்சுகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு டூட்டிக்குப் போவது? ஞாயிறுதோறும் டெலிபோன் பூத்திலிருந்து பேசுவேன். அவள் என் மதினியைத்தான் அம்மா என்கிறாள். நான் 'மெட்ராஸ் அம்மா'வாம். "மெட்ராஸ் என்ன மெட்ராஸ்! நாந்தாம்ட்டி அம்மா. அது அத்தை" என்று வாராவாரம் திருத்துவேன். மறுவாரம் மறுபடியும் அதே பாட்டு.

அப்படி ஒரு ஞாயிறு மதியம் ஷேர் ஆட்டோவிலிருந்து ஓர் அம்மாள் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். விலா எலும்பு தெரிய அவனுக்கு மூச்சு இழுத்தது.

"காலைலேர்ந்து இழுத்துக்கினே கீறான் சிஸ்டர். பேரு சக்திகுமாரு. அவங்கம்மா மாடத்தி கம்பெனில ஓவர்டைம் பாக்குது. நான் பக்கத்து வூடு, ராஜம்மா."

"அப்ப நீங்க வெளிய நில்லுங்க. அம்மா மட்டுந்தான் உள்ள" என்றேன். கதவில்தான் எழுதியிருக்கிறதே.

பையன் உதைத்த உதையில் மாஸ்க் பறந்தது. இரண்டு பேர் பிடித்தும் அடங்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டோம். அவன் அம்மா தலையில் நீலத் தொப்பியைக் கூடக் கழற்றாமல் சூப்பர்வைசர் வண்டியில் வந்து இறங்கினாள்.

"எம் பிள்ளைக்கு என்ன செய்யுது சிஸ்டர்?"

பேச்சைக் கேட்டதுமே எங்கள் பக்கத்துக்காரி என்று தெரிந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இந்தா, அம்மா வந்துட்டாள்ல!" என்று பையனை அவள் மடியில் வைத்தேன்.

அவன் விறைத்தான். உடம்பை முறுக்கி, வாசல் பக்கம் இரண்டு கையையும் நீட்டி, "ராசிம்மா... ராசிம்மா..." என்று கத்தினான். உதட்டில் நீலம் ஏறத் தொடங்கியது. "இதுக்கு மேல அழுதா தாங்க மாட்டான். மெட்ராஸுக்கு அனுப்பினாலும் போய்ச் சேருவானான்னு தெரியல" என்றார் டாக்டர், என் காதுக்கு மட்டும்.

மாடத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. "அந்த அக்காவ உள்ள விடுங்க சிஸ்டர். நான் வெளிய நிக்கேன்" என்று எழுந்து, தன் கையாலேயே பிள்ளையை ராஜம்மாவிடம் கொடுத்தாள்.

ராஜம்மா கட்டிலில் உட்கார்ந்து மாஸ்க்கை முதலில் தன் மூக்கில் வைத்துக்கொண்டாள். "இன்னாடா கண்ணு, ரயிலு வுடலாமா? பாரு, பொக பொகயா வருது." பையன் அவள் மார்பில் சாய்ந்தான். மாஸ்க்கைத் தானே பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் உதட்டுக்கு நிறம் திரும்பியது.

நான் வெளியே போய், பையன் தேறிவிட்டான் என்று மாடத்தியிடம் சொன்னேன். "யாரு மடியில இருந்தா என்ன சிஸ்டர், மூச்சு விட்டாச் சரி" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் வாய் கோணி, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் வந்து கதவுத் தாளில் 'குழந்தையின் அம்மா'வை அடித்துவிட்டு, 'பிள்ளை தேடும் ஆள்' என்று எழுதினார்.

டூட்டி முடிந்து பூத்துக்குப் போனேன். வேல்விழிதான் எடுத்தாள்.

"அம்மா கொழாயடிக்குப் போயிருக்கா" என்றாள்.

"ஏட்டி, ஒனக்கு மேலுக்கு முடியலைன்னா யார்ட்ட போவ?"

"அம்மாட்ட."

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. "அவளைக் கெட்டியாப் பிடிச்சுக்கிடணும். என்ன?"

"சரி, மெட்ராஸ் அம்மா."

அன்றைக்குத் திருத்தவில்லை. அவளைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொள்ள உடம்பெல்லாம் தவித்தது. "ஆமாடி, மெட்ராஸ் அம்மாதான்" என்றேன்.