முதல் கைதட்டு

கூட்டத்தில் யார் முதலில் கை தட்டுவது என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. நம்பாதவர்கள் ஏதாவது ஒரு மண்டபத்தில் போய், ஐநூறு பேர் சும்மா இருக்கும்போது தனியாகத் தட்டிப் பாருங்கள். மானம் போய்விடும். அதற்கென்று நெஞ்சழுத்தம் வேண்டும், நேரம் தெரிய வேண்டும். அது பெயிண்ட் கடைக்காரருக்கு வாய்த்திருந்தது. கட்சியில் அவருக்குப் பேரே 'முதல் கை' என்றுதான்.

அவர் கட்சி பழைய ஒழுங்கைக் காப்பாற்றுகிற கட்சி. வரி குறைய வேண்டும், அவனவன் உழைத்துச் சாப்பிட வேண்டும், குடும்பம் உடையக் கூடாது. கடைக்காரர் இதையெல்லாம் மனசார நம்பினார். அதே கடைக்காரர்தான் பன்னிரண்டு வருஷமாக ஒரு விளையாட்டு மாஸ்டரோடு குடித்தனம் நடத்துகிறவர். கூட்டாளி, அறை நண்பன் என்றெல்லாம் பூசி மெழுகுகிற வேலை அவரிடம் கிடையாது. அம்மாவிடம் சொன்னார். அம்மா கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் பேசினாள். கட்சியில் சொன்னார். தலைவர் தோளில் கை போட்டு, "யாரோட இருந்தா என்னப்பா, நீ நம்ம ஆளு" என்றார். அந்தத் தோளை அவர் ரொம்ப நாள் நிமிர்த்திக்கொண்டே திரிந்தார்.

கடைக்கு வருகிற சிநேகிதர்கள் கிண்டல் பண்ணாமல் இருப்பார்களா? "உன்னை உள்ளே விடாத வீட்டுக்கு நீ வாட்ச்மேன் வேலை பாக்குறியேப்பா" என்பார்கள்.

"எவன்யா விடல? முன் வரிசையில உக்கார வச்சிருக்காங்க" என்பார் இவர். "சண்டை போட்டாலும் பிரியாம ஒரே கூரைக்குக் கீழ இருக்கோம். எங்களைவிடக் கட்டுப்பெட்டியான குடும்பம் இந்தத் தெருவுல எது, சொல்லு பாப்போம்."

மாஸ்டர் வேறு தினுசு. ஓட்டுப் போடுவது எதிர்க்கட்சிக்கு, அதையும் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார். பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பெயிண்ட் கடை மாடியில் இருக்கிறார், அவ்வளவுதான் அங்கே பேச்சு. தெரிந்தவர்களும் தெரியாத மாதிரியே இருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுப்பது தவிர அவருக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது. அந்த வேலை அந்த அமைதியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவை வந்து பாரேன். நான் தட்டினா மண்டபமே எப்படி அதிருதுன்னு" என்று கடைக்காரர் வருஷக்கணக்காக நச்சரித்தார். தேர்தல் நெருங்கின சமயம், "சரி, உன் தொல்லை தாங்கல முதலாளி" என்று மாஸ்டர் கிளம்பி வந்தார். பின்னால் ஒரு ஓரமாக உட்கார்ந்தார்.

இங்கே தொழில் ரகசியம் ஒன்று இருக்கிறது. தலைவருக்குக் கைதட்டு வேண்டிய இடத்தில் குரலை இறக்குவார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். அதுதான் சைகை. கண்ணாடி மூக்கைவிட்டு வந்ததும் முதல் கை தட்டும், ஐநூறு கை பின்னால் வரும். அதனால் கடைக்காரர் மேடைப் பேச்சைக் காதால் கேட்பதில்லை. கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு மாஸ்டர் வேறு பார்க்கிறாரா, இன்னும் உன்னிப்பாகப் பார்த்தார்.

கண்ணாடி கழன்றது. தட்டினார். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். பெருமை தாங்காமல் பின்னால் திரும்பும்போதுதான், கண் மாஸ்டரைத் தேடிக்கொண்டிருக்க, காதுக்குள் தங்கியிருந்த தலைவரின் வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவருக்கு விளங்கின.

"வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு எந்த ஆம்பளை எந்த ஆம்பளையோட வாழ்ந்தாலும் நமக்குக் கவலை இல்லை. ஆனா அந்த மாதிரி ஆளுங்க கையில நம்ம பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விட மாட்டோம்!"

ஐயோ. பின் வரிசையில் மாஸ்டர் தெரிந்தார். அவரும் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு ஆள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்ட, மாஸ்டர் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்து ஒரு கையை இன்னொரு கையில் போட்டுக்கொண்டிருந்தார்.

மாடிக்கு வந்து செருப்பைக் கழற்றின பிறகு மாஸ்டரே ஆரம்பித்தார். "பக்கத்துல இருந்தது என் பள்ளிக்கூடப் பையன் ஒருத்தனோட அப்பா. எல்லாரும் தட்டும்போது நான் மட்டும் சும்மா இருந்தா என்னை ஏன்னு பாப்பாரு. அதான் தட்டினேன். நீ ஏன் தட்டினே?"

"சத்தியமா நான் கேக்கலைப்பா. கண்ணாடியைக் கழட்டினார், தட்டிட்டேன்."

"என்ன சொல்றார்னே கேக்காம?"

"ஆமா."

"இத்தனை வருஷமும் அப்படித்தானா?"

எதற்கெல்லாம் தட்டினோம் என்று யோசிக்கவே கடைக்காரருக்குப் பயமாக இருந்தது. தப்புப் பண்ணிவிட்டேன், தப்புப் பண்ணிவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. மாஸ்டர் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை, ஈரத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

மறுநாள் காலையிலேயே கடைக்காரர் தலைவர் வீட்டில் போய் நின்றார். தலைவர் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு வரியை எடுத்துடுங்க தலைவரே."

"எந்த வரி?" முகம் பார்க்கும் கண்ணாடியில் அவரைப் பார்த்தபடியே கேட்டார். "ஓ, அதுவா. அட என்னப்பா, நேத்து சத்தத்துலயே பெரிய சத்தம் அதுக்குத்தான். நம்ம வழக்கம் உனக்குத் தெரியாதா? எது கைதட்டு வாங்குதோ அது அடுத்த ஊருக்குப் போகும், எது வாங்கலையோ அங்கேயே செத்துடும்."

"நான் தெரியாமத் தட்டிட்டேன்."

தலைவர் கையை நிறுத்தினார். கோபமே படவில்லை, அதுதான் கொடுமை. "உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கே அந்த வரியில தயக்கம்தான். நீ முன்னாடி உக்காந்திருக்கே, மனசு நோகுமேன்னு. கண்ணாடியைக் கழட்டிட்டு உன்னைத்தான் பாத்தேன். நீ தட்டலைன்னா அங்கேயே விட்டிருப்பேன். நீயே தட்டினே. சரி, நம்ம ஆளுக்கே ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்கிட்டேன்."

கடைக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "மேடையில ஏறி, எனக்கு ஒப்புதல் இல்லைன்னு சொல்லட்டுமா?"

"தாராளமாச் சொல்லு. ஏன் ஒப்புதல் இல்லை, எந்தப் பள்ளிக்கூடம், எந்த வாத்தியார்னு ஊர் கேக்கும். பரவாயில்லையா?" முகத்தைத் துடைத்துக்கொண்டு தோளில் கை போட்டார். "உன்னைச் சொல்லலப்பா. உன்னைப் போய்ச் சொல்வேனா?"

அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தட்டிவிடவில்லை. குனிந்து செருப்பைத் தேடுகிற சாக்கில் விலகி வந்தார்.

அந்த வாரம் முழுக்க அந்த வரி ஊர் ஊராகப் போயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் சீக்கிரமே மாடி ஏறி வந்தார். பெற்றவர்கள் சிலர் பள்ளிக்கூடத்துக்கு வந்து மரியாதையாகத்தான் பேசினார்களாம். தலைமை ஆசிரியை அம்மாளும் மரியாதையாகத்தான் சொன்னாளாம். கொஞ்ச நாள் மைதானத்துக்குப் போக வேண்டாம், ஆபீஸில் உட்காருங்கள், திங்கட்கிழமை வந்து பேசுங்கள் என்று.

கடைக்காரர் மறைக்கவில்லை. தலைவர் வீட்டில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். "நான் தட்டாம இருந்திருந்தா அந்த வரியே இருந்திருக்காது. உன் வேலையை நான்தான் கெடுத்தேன்." "கட்சியை விட்டுடறேன். நாளைக்கே விட்டுடறேன்."

மாஸ்டர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது உன் இஷ்டம். நான் கேக்கவே இல்லையே? அவனவன் உழைக்கணும், வீடு கட்டுக்கோப்பா இருக்கணும்னு நீ சொல்றதுல பாதி எனக்கும் சரின்னுதான் படுது. அதுக்காக உன்னோட நான் ஒரு நாளும் சண்டை போட்டதில்ல. எனக்கு வேற ஒண்ணு வேணும்."

"சொல்லு. என்ன வேணா சொல்லு."

"திங்கட்கிழமை அந்தம்மாவைப் பாக்கப் போறேன். இனிமே மறைக்கிறதா இல்லை. தனியாப் போக எனக்குத் தைரியம் வரல. நீ என்கூட வா."

இந்த ஊரில் எல்லாரிடமும் மார்தட்டிச் சொன்ன மனுஷன். அம்மாவிடம் சொன்னவர், தலைவரிடம் சொன்னவர், கடைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னவர். யோசிக்கிறதுக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"நான் என்னன்னு சொல்லி வர்றது?"

கேட்ட மாத்திரத்தில் அவருக்கு உடம்பு கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "இல்லப்பா, நான் அந்த அர்த்தத்துல…" என்று எழுந்தார்.

மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் முகத்தைப் பார்த்தார், யாரோ விலாசம் விசாரிக்க வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி.

"பெயிண்ட் கடைக்காரர்னே சொல்லிக்கோ" என்றார்.