கைபேசிக்கு ஒரு போர்வை

ஊபினின் அம்மா என் கடைப் படி ஏறியதுமே எனக்குப் பகீரென்றது. நகரத்து மாலில் கூந்தல் வெட்டிக்கொள்கிறவள் அவள். கொரியாவின் போஹாங் பேருந்து நிலையத்துப் பின்தெருவில், இரண்டே நாற்காலி போட்ட என் அழகு நிலையத்துக்கு, முடி சுருட்டும் பெர்ம் போட வருகிறாள் என்றால், காரியம் தலைமுடியில் இல்லை.

காரியம் என் மகள் தாசோல்தான். அவளும் ஊபினும் ஒரே வகுப்பு. போன மாதம் அவர்கள் பள்ளிக்குத் திடீரென்று பிள்ளைகளின் மனநலத்தின் மேல் அக்கறை பொங்கிவிட்டது. 'கைபேசித் தூக்க மாதம்' என்று வாசலில் பதாகை கட்டினார்கள். ஆளுக்கொரு மஞ்சள் போர்வை கொடுத்தார்கள். உள்ளங்கையளவு, ஓரத்தில் நிலா தைத்தது. இரவு பத்து மணிக்குப் போனை அணைத்து, போர்வை போர்த்தி, படம் எடுத்து வகுப்புக் குரூப்பில் போட வேண்டும். அணைத்த போனை எதை வைத்துப் படம் எடுப்பது என்று அங்கே ஒரு பெரிய மனுஷனுக்கும் தோன்றவில்லை. அம்மாவின் போனில் எடுக்கலாமாம். பிறகு குரூப்பில் போடுவதற்காக, தூங்கப் போனதைத் தட்டி எழுப்ப வேண்டும். அட கர்மமே!

ஒருநாள்கூட ஒருவர்கூட தவறாமல் படம் போடும் வகுப்புக்குக் கேடயம், கூடவே பொரித்த கோழி. குரூப்பைக் கண்காணிக்க வகுப்பாசிரியர் பியோ, பெற்றோர் சார்பில் ஊபினின் அம்மா. நல்ல காவல்!

கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் எங்கள் வீடு. முதல் நாள் தாசோல் தன் போனைக் கடைத் துண்டின் மேல் வைத்துப் படம் எடுத்தாள். துண்டில் சாயக்கறை. 'இதுல எத்தனை கிழவிங்க தலை துவட்டினாங்க?' என்று ஒருத்தி எழுதினாள். 'மருந்து நாத்தம் போன் வழியா வருது' என்று எழுதியவன் ஊபின். அன்றிலிருந்து என் மகளுக்குப் பெயர் 'பெர்ம் மருந்து'. ஜன்னலோரம், புத்தகத்தின் மேல், தலையணையின் மேல் என்று இடம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் சிரிக்க ஏதோ ஒன்று கிடைத்தது. குரூப்பை விட்டு வெளியேறுவாள். அடுத்த நிமிடமே யாராவது உள்ளே இழுத்துப் போடுவார்கள். பள்ளிக் குரூப் ஆயிற்றே, மறுக்க முடியுமா? மனநலத்துக்கு வைத்த குரூப்!

இதெல்லாம் எனக்கு நேற்றுச் சாயங்காலம்தான் தெரியும். தலை சீவிவிட உட்கார வைத்தேன். காதுக்குப் பின்னால் நாணயம் அளவுக்கு முடியே இல்லை, வழவழவென்றிருந்தது. கவலையில் கொட்டிய முடி அது, தொழில்காரி எனக்குத் தெரியாதா? அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள். "போதும், வெளிய வந்துடு" என்றேன். மாதத்தின் கடைசி நாள் அது. படம் போடாமலே வெளியே வந்துவிட்டாள்.

ஆக, கேடயத்துக்கு ஒரு படம் குறைகிறது. அதற்குத்தான் இந்தப் பெர்ம்.

ரோலர் எல்லாம் சுற்றி, மருந்து ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தொப்பி மாட்டும் வரை பேச்சு வானிலையைப் பற்றியே ஓடியது. பிறகு ஆரம்பித்தாள்.

"தாசோல் அம்மா, ஒரே ஒரு படம்தான். ஆறு மணிக்குக் கல்வி அலுவலகத்துக்கு லிஸ்ட் போகுது."

"அதான் மாசம் முடிஞ்சிடுச்சே?"

"இப்ப எடுத்தாலும் நேத்து கணக்குல சேத்துக்கலாம்னு சார் பெரிய மனசு பண்ணியிருக்காரு. திரையை இழுத்துவிட்டு எடுங்க, ராத்திரி மாதிரியே இருக்கும்." குரலைத் தணித்துக்கொண்டாள். "நான் ஊபினுக்கு ஒரே நாள்ல மொத்த மாசத்துக்கும் எடுத்து வெச்சுட்டேன். கீழ விரிக்கிற துணிய மட்டும் மாத்தணும். பாருங்க."

பெருமையாகக் காட்டினாள். பூப்போட்ட துணி, கட்டம் போட்ட துணி, பட்டுத் துணி. எல்லாவற்றிலும் அதே போன், அதே நிலா. கூடுதலாகவும் நாலைந்து எடுத்து வைத்திருந்தாள், மகராசி.

"அப்ப ராத்திரி பத்து மணிக்கு ஊபின் என்ன பண்றான்?"

"கேம் ஆடுவான். டியூஷன் முடிஞ்சு வர்ற புள்ள, அவன் மனசுக்கும் கொஞ்சம் ஆறுதல் வேணாமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் சீப்பு இருந்தது, நல்லவேளை, கத்தரி இல்லை.

"ஊபின் அம்மா, அந்தக் குரூப்ல என் பொண்ணப் பத்தி என்னென்ன எழுதினாங்கன்னு தெரியுமா?"

"நான் படத்தைத்தான் எண்ணுவேன். பசங்க பேச்செல்லாம் யாரு படிக்கிறா?"

பொய்யா, நிஜமா? எங்கள் ஊர்ச் செயலியில் போடும் ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் ஓர் எண் இருக்கும். இன்னும் எத்தனை பேர் பார்க்கவில்லை என்று அது காட்டும். தாசோல் நேற்று எனக்கு எல்லாவற்றையும் காட்டினாள். ஒன்றின் ஓரத்திலும் எண் இல்லை. எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பியோ சார் பார்த்திருக்கிறார். இவளும் ஒவ்வொரு ராத்திரியும் பார்த்துவிட்டு, கீழே ஓர் இதயம் வேறு போட்டிருக்கிறாள்.

"எண்ணுறதுக்குக் கண்ணு தெரியுது, படிக்கிறதுக்குத் தெரியலையா?" என்றேன்.

"இதான் உங்ககிட்ட பிரச்சனை. புள்ளைங்கன்னா கேலி பண்ணத்தான் செய்வாங்க. ஒருத்தியால மொத்த வகுப்புக்கும் கோழி போச்சுன்னா, நாளைக்கு தாசோலுக்குத்தானே கஷ்டம்? அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பின்கதவு திறந்தே இருந்தது. பள்ளிச் சீருடையில் தாசோல் அங்கே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. கையில் போன்.

"சார் திரும்பச் சேத்துட்டாரும்மா" என்றாள். "படம் வேணுமாம்."

"போடாதே. வெளிய வா."

அவள் வந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, ரப்பர் பேண்டை அவிழ்த்தாள். கூந்தலை ஒருபக்கமாக ஒதுக்கினாள்.

"இங்க எடும்மா."

"தாசோல்..."

"எடும்மா. நானே போடுறேன்."

எடுத்தேன். முதல் படத்தில் என் நிழல் விழுந்துவிட்டது. இரண்டாவதில் அந்த வழுக்கை பளிச்சென்று விழுந்தது. அவள் அதைக் குரூப்பில் போட்டாள். பக்கத்து நாற்காலியில் ஊபின் அம்மாவின் போன் டிங்கென்றது. குனிந்து பார்த்தாள், வாயைத் திறந்து மூடினாள். படத்தின் ஓரத்து எண் மளமளவென்று இறங்கிக் காணாமல் போனது. ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர்களாயிற்றே எல்லாரும்!

பிறகு பியோ சார் எழுதினார். தாசோல் அதை உரக்கப் படித்தாள், பாடப் புத்தகம் படிக்கிற குரலில்.

"'தாசோல், படம் மாறி வந்திருக்கு. போன் படம் அனுப்பும்மா. உன்னுடையது ஒன்றுதான் பாக்கி.'"

ஊபின் அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இவளும் பெற்றவள்தானே, இப்போதாவது ஏதாவது சொல்வாள் என்று நம்பினேன். நான் ஒரு முட்டாள்.

அவள் விரல் போனில் ஓடியது. இம்முறை டிங்கென்றது தாசோலின் போன். குரூப்பில் பட்டுத் துணி மேல் ஒரு போன், மஞ்சள் போர்வை, நிலா. 'தாசோல் சார்பில்' என்று கீழே எழுதியிருந்தாள். அடுத்த நொடியே பியோ சார்: 'சபாஷ்! நூற்றுக்கு நூறு!' அதன் கீழே இதயம், இதயம், கோழிக்கால், இதயம். இத்தனை நேரம் ஊமையாக இருந்த வகுப்புக்கு உயிர் வந்துவிட்டது.

"பாருங்க, முடிஞ்சுது" என்றாள் ஊபின் அம்மா, நல்லது செய்துவிட்ட நிம்மதியோடு. "கேட்டிருந்தா இதை நான் காலையிலயே பண்ணியிருப்பேன். டைம் ஆச்சில்ல, ரெண்டாவது மருந்து போடுங்க."

"எழுந்திருங்க."

"என்னது?"

"எழுந்திருங்கன்னேன். கடை மூடியாச்சு."

"ரோலரோடயா? ரெண்டாவது மருந்து போடலைன்னா முடி என்னத்துக்கு ஆகும்?"

"அழகான தலை படம் ஒண்ணு எடுத்து வெச்சிருப்பீங்களே, அதைப் போட்டுக்கோங்க!"

திட்டினாள், கத்தினாள், போலீஸ் என்றாள். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். தலை நிறைய ரோலரும் தொப்பியுமாக, கழுத்தில் என் துண்டோடு, பேருந்துக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்க்கப் பார்க்க நடந்து போனாள். அவள் மகன் வைத்த பெயர் தெரு முழுக்க மணத்தது.

கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியில் வழிந்திருந்த மருந்தைப் பள்ளிக்கூடத்து மஞ்சள் போர்வையால் துடைத்தேன். அதற்காவது உதவியது.

தாசோல் மறுபடி குரூப்பை விட்டு வெளியேறினாள். வெளியேறிவிட்டு, போனை மடியில் வைத்துக் காத்திருந்தாள். வழக்கமாக, திரும்ப உள்ளே இழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்தேன். ஆறு மணி ஆனது. போன் சும்மா கிடந்தது.

"யாரும் கூப்பிடலம்மா" என்றாள்.

"விட்டுது சனியன்."

"என் படம்தான் வந்துடுச்சே. இனிமே நான் எதுக்கு?"