வெட்டிய மூலை

ஒன்பதாவது படத்திலும் மூக்கு இடப்பக்கம்தான் இருந்தது. அவள் பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்தாள்.

பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் குட்டித் துகள் ரைபோசோம். அதில் சுருண்டு கிடக்கும் ஆர்என்ஏ நூலின் வால் எங்கே முடிகிறது என்ற கேள்வியோடுதான் மூன்று வருடமாக மல்லுக்கட்டுகிறாள். வாலை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைச் சேர்த்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுப்பாள். அது ஒட்டிய இடமே வால் இருக்கும் இடம். ஃபிலிமை பிரிண்ட் போடுவது அவள் கணவன், அதே ஆய்வகத்தின் இருட்டறைக்காரன். இருபது வருடத்தில் ஒன்றுகூடப் பிசகியதில்லை என்று வீட்டிலும் பீற்றிக்கொள்வான்.

துகளுக்கு மூக்கு மாதிரி ஒரு புடைப்பு உண்டு. நாற்பது படங்களில் முப்பத்தொன்றில் அது வலப்பக்கம், ஒன்பதில் இடப்பக்கம். அந்த ஒன்பது துகள்கள் புரண்டு படுத்திருக்கின்றன, ஆகவே வால் முன்னும் பின்னும் தெரிகிறது என்று கட்டுரையில் எழுதியாயிற்று. நாளை அனுப்ப வேண்டும். ஏதோ உறுத்த, ஃபிலிம்களைச் சரியான பக்கமாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்பதிலும் மூக்கு வலப்பக்கமே இருந்தது. மனுஷன் ஃபிலிமைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறான்.

முதலில் கோபம்தான் வந்தது. ஃபிலிமின் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கல். சிவப்பு விளக்கில் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பவன் அவன். போன வாரம் அவன் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

நேராக இருட்டறைக்குப் போனாள். அவன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“என்னங்க, கண்ணு எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“ரெண்டு மாசமா,” என்றான் திரும்பாமல். “சொன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. நீயும் அழுவ.”

“ஒன்பது படம் இடம் வலமா மாறியிருக்கு.”

அவன் கை நின்றது. “ஐயோ. கட்டுரை போயிடுச்சா?”

“இன்னும் அனுப்பல.”

“ஆய்வகத் தலைவர்கிட்ட நானே சொல்லிடறேன்.”

“சேர்ந்தே சொல்லுவோம். டாக்டர்கிட்டயும் போவோம். முதல்ல இந்த ஒன்பதையும் மறுபடி போட்டுக் குடுங்க.”

“இதுக்கப்புறமும் என்னையா நம்பற?”

“உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?” என்றாள். அவன் சொன்னபடியே அழுகை வந்துவிட்டது.

கத்தரிக்கோலால் ஒவ்வொரு ஃபிலிமிலும் ஒரு மூலையை நறுக்கினாள். “இது உங்க வலது கட்டைவிரலுக்குக் கீழ வரணும். அப்பப் பக்கம் மாறாது.”

சிவப்பு விளக்கில் அவன் கண்ணை மூடிக்கொண்டு ஃபிலிமின் ஓரத்தைத் தடவினான். விரல் வெட்டில் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில், தட்டுக் கரைசலுக்குள் காகிதத்தில் படம் மெல்லக் கறுத்தது.

“மூக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டான்.

அவள் அவன் விரலைப் பிடித்து, ஈரக் காகிதத்தின் வலப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள்.