கிலாவே மலை இறங்கி வந்தது

கிபோ சிகரத்தில் செத்துப்போன கிலாவே, தலைச்சுமையை இறக்காமல் வீடு வந்து சேரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. உயிரோடு இருக்கிறவன் இரண்டே நாளில் இறங்கிவிடுவான். செத்தவனுக்கு என்ன அவசரம் என்று நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது காப்பிக்கொட்டைக்கு நல்ல விலை. ஊரில் அதுதான் பேச்சு.

அவன் செத்தது இப்படி. மலையேற வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சுமை தூக்க ஆள் சேர்ப்பவன் தெமு, வழிகாட்டியும் அவனே. பனிப்பாறைக்குக் கீழே ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. காய்ச்சலில் நடுங்கிய கிலாவே நின்றபடியே ஒரு பாறையில் சாய்ந்து, தலையில் இருந்த பெட்டியை இறக்கிவிடச் சொன்னான். இறக்கினால் இவன் திரும்பத் தூக்கமாட்டான் என்று தெமு இறக்கவில்லை. கிலாவே போர்த்தியிருந்த கம்பளியை மட்டும் உருவி, பல் கிட்டிப்போயிருந்த ஒரு துரைக்குக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு இறங்கிவிட்டான். துரை பிழைத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்த தெமு எதையும் மறைக்கவில்லை. அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. வேலியிலிருந்து ஓர் இசாலே இலையைப் பறித்துக்கொண்டு நேராகக் கிலாவேயின் மனைவி அய்காந்தேயிடம் போனான். எங்கள் மலையில் அந்த இலையைக் கையில் வாங்கிவிட்டால் மன்னித்தே ஆகவேண்டும், கொலையானாலும் சரி. அய்காந்தே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“குளிர்ல நின்னது நான் இல்லண்ணே. நின்னவரு வருவாரு, அவருகிட்டக் குடுங்க.”

ஆத்திரத்தில் சொன்ன சொல்தான். ஆனால் மழை விட்டு வானம் வெளுத்த ஒரு காலையில் பனியின் விளிம்பில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அன்றே அவள் வாழைத்தோப்பில் குழி வெட்டினாள். சொந்தத் தோப்பில் புதையாதவன் எங்களுக்குச் செத்தவன் ஆகமாட்டான், அவன் பெண்டாட்டி அழவும் முடியாது. பாதிரியார் வெறும் சவப்பெட்டிக்கு ஜெபம் செய்கிறேன் என்றார். அவள் கேட்கவில்லை. மழைக்கு மழை குழி தூர்ந்துபோகும், அவளும் சளைக்காமல் வெட்டுவாள். கிலாவே புல்கூட முளைக்காத கல்வெளியைக் கடக்கவே மூன்று காப்பி அறுவடை ஆயிற்று. பிறகு, காய்ந்த இலைகளை உதறாமல் சட்டைபோல் போட்டுக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் செடிகளுக்குள் நுழைந்தான். அதற்கும் கீழே மூடுபனிக் காடு. அங்கே அவன் தோளில் பாசி படர்ந்தது, பெட்டிமேல் குரங்குகள் உட்கார்ந்து பழம் தின்றன. தேன் எடுக்கப் போகிறவர்கள் அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போனார்கள்.

அவன் கிட்டே வரவரத் தெமுவுக்குக் குளிர் ஏறியது. உச்சி வெயிலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பான், விரல்கள் நீலம் பாரித்திருக்கும். அவன் சுரைக்குடுவையில் வாழைப்பழக் கள் உறைந்து போகும். கடலோரம் மொம்பாசாவுக்குப் போய்விடலாம் என்று அவன் மனைவி ஹைக்கா கெஞ்சினாள்.

“அங்க கடல் இருக்கு. என்னைப் புதைக்கத் தோப்பு இருக்கா?” என்று கேட்டான் தெமு.

நீண்ட மழைக்காலத்தில் கிலாவே வந்து சேர்ந்தான். புருவத்தில் ஆலங்கட்டி அப்படியே இருந்தது. ஊரே வாசலில் நின்றது. தெமு இலையை நீட்டினான். கிலாவேயின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே பெட்டியோடு ஒட்டி உறைந்திருந்தன. எதைக் கொண்டு வாங்குவான்?

அய்காந்தேதான் பேசினாள். “கை ஒழிஞ்சாத்தானே வாங்குவாரு. மொதல்ல சொமையை எறக்குங்கண்ணே.”

தெமு இலையைப் பல்லில் கவ்விக்கொண்டு பெட்டியைத் தன் தலைக்கு மாற்றினான். கிலாவேயின் கைகள் தொங்கின. அவன் தெமுவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வீட்டுக்கு வந்தவன் பாய்க்குப் போவதுபோலப் போய்க் குழியில் படுத்துக்கொண்டான். தெமு பெட்டியை இறக்கப் பார்த்தான்; அது வரவில்லை, கைகளும் அதை விடவில்லை. அய்காந்தே பக்கம் முகத்தை நீட்டினான். வாயில் இலை இருந்ததால் பேச முடியவில்லை. அவள் கையை நீட்டி எடுத்திருந்தால் முடிந்திருக்கும். அதற்குள் குனிந்து மண்ணை அள்ளியிருந்தாள். அந்த இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குழியைப் பார்த்துத் திரும்பி மண்ணைப் போட்டாள். அத்தனை வருஷத்து அழுகையையும் அன்று அழுது தீர்த்தாள். எங்களுக்கும் தாங்கவில்லை.

தெமு சுமையோடு மேலே நடக்கத் தொடங்கினான். இப்போது காட்டைத் தாண்டிவிட்டான், வாயில் இலை இன்னும் வாடவில்லை என்கிறார்கள். ஹைக்கா தன் தோப்பில் குழி வெட்ட ஆரம்பித்தபோது மண்வெட்டி கொடுத்ததே அய்காந்தேதான்.

“மேல முன்ன மாதிரி பனி இல்ல ஹைக்கா,” என்றாள். “அண்ணன் சீக்கிரம் எறங்கிடுவாரு.”

ஹைக்கா தலையாட்டிவிட்டு, பெட்டிக்கும் இடம் இருக்கட்டும் என்று குழியை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டினாள்.