அட்டையில் ஒட்டிய நத்தை

அருங்காட்சியகத்தில் சங்கு, சிப்பி, நத்தை ஓடு எல்லாம் அவள் பொறுப்பு. ஓட்டைத் துடைப்பாள், பசை தடவி அட்டையில் ஒட்டுவாள், கீழே சீட்டு எழுதி வைத்துக் கண்ணாடிப் பெட்டியைப் பூட்டுவாள். இவள் ஒட்டியது பூகம்பம் வந்தாலும் பெயராது என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

அன்று காலை பெட்டிக்குக் கண்ணாடி மாற்ற அவள் தம்பி வந்திருந்தான். அவனுக்கு அங்கேயே தச்சு வேலை. பழைய கண்ணாடியைக் கழற்றியதும் அவள் கண் நாலு வருஷத்துக்கு முன் ஒட்டிய பாலைவன நத்தை ஓட்டில் போய் நின்றது. ஓட்டைச் சுற்றி அட்டையில் காய்ந்த எச்சில் போல அரைவட்டமாக ஒரு பளபளப்பு. எப்போதோ மழை ஈரத்தில் விழித்து, எட்டிய தூரம் வரை ஊர்ந்து பார்த்திருக்கிறது! முதுகு ஒட்டியிருக்க, பாவம், எங்கே போகும்?

"டேய், இது உயிரோட இருக்குடா!"

"நாலு வருஷமாவா? சோறு தண்ணி இல்லாமலா? போக்கா, உனக்கு வேற வேலை இல்ல."

பாலைவன நத்தை வாயைச் சவ்வால் அடைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் தூங்கும் என்று அவள் படித்தவள்தான். ஆனாலும் ஒட்டிய அன்று அந்தச் சவ்வை அழுக்கு என்று நினைத்துவிட்டாள். உயிரோடு ஒட்டிவைத்துவிட்டோமே என்று அட்டையை அவசரமாக வெளியே எடுத்தாள்.

"பிச்சு எடுத்துடேன்," என்றான் தம்பி.

"பிச்சா ஓடு உடைஞ்சிடும். என் பசைடா அது!"

வெதுவெதுப்பான தண்ணீரில் அட்டையோடு ஊறவைத்தாள். "பார்த்துக்கா, சூப்பு வெச்சிடாதே," என்றான் அவன். பசை இளகி ஓடு கழன்றது. அதையும் கூடவே கழன்ற சீட்டையும் தட்டில் எடுத்து வைத்தாள். அசைவே இல்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள், அவள் போகவில்லை.

"நானே கொன்னுட்டேன்டா."

தம்பி முதல் தடவையாகக் கிண்டல் பண்ணாமல் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அப்புறம்தான் சவ்வில் ஒரு குமிழி வந்தது. சவ்வு கிழிந்தது. ஒரு கொம்பு நீண்டது, கொஞ்சம் யோசித்து மற்றொன்று. அடேயப்பா, என்ன நெஞ்சுரம்! பசி, தாகம், முதுகில் பசை, எல்லாவற்றையும் தாங்கிவிட்டு, தூங்கி எழுந்த வீட்டுக்காரி மாதிரி சாவகாசமாகக் கிளம்பியது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது.

நத்தை நேராக நனைந்த சீட்டுக்குப் போனது. 'இறந்த நத்தையின் ஓடு' என்று அவள் குண்டு குண்டாக எழுதிய சீட்டு. அதன் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தது.

"அக்கா! உன் சீட்டைத் தின்னுது!"

"தின்னட்டும் விடுடா," என்று சீட்டை அதன் வாய்க்கு வாகாகத் தள்ளிவைத்தாள்.