விளக்குக்குள் நின்ற தண்ணீர்

அண்ணனுக்கும் தம்பிக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு படகு. அதை விற்றுவிட அண்ணன் முடிவு செய்ததற்குக் காரணம், காருக்குப் பின்னால் மாட்டிப் படகை ஏற்றிப்போகும் டிரெய்லரின் பின்விளக்குகள். விளக்குக்காக யாராவது படகை விற்பார்களா என்று கேட்கலாம். அண்ணன் விற்பார். அவருக்குப் பட்டப்பெயரே 'சந்தேகம்'. பூட்டிய பூட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆசாமி.

படகைக் கடலில் இறக்க வேண்டுமென்றால் டிரெய்லரையே பின்பக்கமாகத் தண்ணீருக்குள் விட வேண்டும். விளக்குகள் முழுகிவிடும். அதனால் அண்ணன் இரண்டு சட்டம் போட்டிருந்தார். இறக்குவதற்கு முன்னால் விளக்கின் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்; எரிந்து சூடான பல்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் படீரென்று போய்விடும். கரையேறியதும் விளக்கு, ஒயர், பிளக் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஒரு வாரம் அண்ணன், மறு வாரம் தம்பி என்று முறை வைத்துப் படகை எடுத்தார்கள். விளக்கு மட்டும் முறை பார்க்காமல் அணைந்தது. ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டது தம்பிதான்.

"கழுவினியாடா?"

"கழுவினேண்ணே."

"கழுவினா ஒயர் ஏண்டா பச்சை பூக்குது?"

தம்பிக்கு முடிவெட்டும் தொழில். கத்தரியை ஓட்டிக்கொண்டே நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டுப் பழகியவர், வாதாட மாட்டார். அந்த மௌனத்தை அண்ணன் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம், "என் தம்பிக்கு ஒரு வாளி தண்ணி ஊத்தக் கை வளையாது" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். தம்பியும் கூடச் சிரித்துவைத்தார்.

போன வாரம் அண்ணன் பிரேக் போட்டபோது விளக்கு எரியவில்லை. பின்னால் வந்த லாரி மயிரிழையில் தப்பித்தது. இனி சரிப்படாது, விற்றுத் தலைமுழுகுகிறேன் என்று வீட்டுக்கு வந்ததும் ஆள் பார்த்துவிட்டார். அந்த ஆள் இன்று சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

வருகிறவர் கண்ணில் படுவதற்குள் புது பல்பு போட்டுவிடலாமென்று அண்ணன் மதியம் விளக்கைக் கழற்றினார். கண்ணாடியை நெம்பியதும் உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டி வேட்டியை நனைத்தது. தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

விளக்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஒயர் நுழைகிற வழியாக எப்படியும் உள்ளே புகுந்துவிடுகிற தண்ணீர் வடிந்து போக, செய்தவன் வேண்டுமென்றே விட்ட ஓட்டை. வாங்கிய புதிதில் அண்ணன் அதைப் பார்த்துப் பதறிப்போய், சிலிக்கான் பசையை அப்பி அடைத்திருந்தார். உள்ளே போன கடல் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்து, பல்பு மாட்டுகிற இடத்தையும் ஒயரையும் தின்றிருக்கிறது. வெளியே தம்பி எத்தனை வாளி ஊற்றியும் என்ன பயன்? அந்தப் பசை டியூபைத் தம்பி தொடக்கூட அவர் விட்டதில்லை. ஆகவே பழி போட வேறு ஆளும் இல்லை.

புது விளக்கை மாட்டிவிட்டுக் கமுக்கமாக இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பியின் கடைக்கு நடந்தார்.

தம்பி ஒருவர் முகத்தில் சோப்பு நுரை பூசிக்கொண்டிருந்தார். அண்ணன் கண்ணாடிக்கு முன்னால், சீப்புகளுக்கு நடுவே விளக்கை வைத்தார்.

"ஓட்டைய அடைச்சது நான்தாண்டா. தண்ணி உள்ளயே நின்னிருக்கு. உன் மேல தப்பில்ல."

தம்பி குனிந்து பார்த்தார். "அப்படியா," என்றார். கத்தியை எடுத்து மழிக்க ஆரம்பித்தார்.

"வர்ற ஆளுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுறேன். நாமளே வச்சுக்கலாம்."

"வேணாம்ணே. வித்துடு."

"அதான் தப்பு என்னுதுன்னு சொல்றேனேடா!"

"விளக்கு இனிமே எரியும்ணே. ஆனா படகுல கெட்டுப்போறதுக்கு இன்னும் எவ்வளவோ சாமான் இருக்கு," என்றார் தம்பி, குரலை உயர்த்தாமல். "ஒவ்வொண்ணுக்கும் உனக்கு முதல்ல என் மூஞ்சிதான் ஞாபகம் வரும். என்னால முடியாதுண்ணே."

நாற்காலியில் இருந்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல அண்ணன் வாயெடுத்தார். பொய்யென்று அவருக்கே தெரிந்ததால் சொல்லவில்லை.